எலியைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள்

நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் நலவாழ்வுப் பக்கங்களைத் தயாரிக்கும் உதவி ஆசிரியர்களுக்கு,



மாதம் ஒருமுறையாவது உங்கள் பக்கங்களில் ஏதாவது ஒரு மூலிகை மூளையைக் காப்பாற்றிவிடுகிறது. அமுக்கரா மறதியைப் போக்குகிறது. மஞ்சள் மூளையில் படிந்த கசடைக் கரைக்கிறது. நீர்ப்பிரமி கவலையைத் தீர்க்கிறது. தலைப்பு பெரும்பாலும் ‘ஆய்வில் உறுதி’ என்று முடிகிறது. யாருடைய மறதி, யாருடைய கவலை என்று தேடிக்கொண்டு போனால் ஐந்தாம் பத்தியில் ஒரு சுண்டெலி ஒளிந்திருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது.

மருந்தியல் பாடம் நடத்தியே தலை நரைத்தவன் நான். எலிகளோடு நெடுங்காலம் பழகியவன். அந்த எலிக்காகப் பரிந்து பேசத்தான் இந்த மடல். மூலிகைச் செய்திகளையே போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆல்சைமர் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் கேலண்டமின், ஸ்னோட்ராப் என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் கிழங்கிலிருந்து முதலில் கிடைத்ததுதான். 2001-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. செடிக்குள் மருந்து இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. என் வருத்தம் வேறு. கதையின் சுவையான பகுதியை வெட்டி எறிந்துவிட்டுச் சக்கையை அச்சேற்றுகிறீர்கள்.

ஒரு நல்ல ஆய்வையே எடுத்துக்கொள்கிறேன், மோசமானதை எடுத்து அடிப்பது சுலபம் என்பதால். 2012-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்திலிருந்து விஜயலட்சுமி ரவீந்திரநாத் குழுவினர் எழுதியது. அமுக்கரா வேரிலிருந்து ஓரளவு தூய்மைப்படுத்திய சாற்றை, ஆல்சைமரின் சாயல் வரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு 30 நாள் வாய்வழியே கொடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம். புதிர்வழிச் சோதனையில் தடுமாறிக்கொண்டிருந்த எலிகள் தேறின. மூளையில் படிந்திருந்த அமைலாய்டு புரதம் குறைந்தது.

இதுவரைதான் செய்தியாகும். சுவை இதற்கு மேல்தான் தொடங்குகிறது. சாறு எங்கே வேலை செய்தது என்று அவர்கள் தேடியபோது விடை மூளையில் கிடைக்கவில்லை, கல்லீரலில் கிடைத்தது. அமைலாய்டைப் பிடித்து அப்புறப்படுத்தும் ஒரு புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகச் செய்யத் தொடங்கியிருந்தது. இரத்தத்தில் அமைலாய்டு குறையக் குறைய, மூளையில் இருந்தது இரத்தத்துக்கு வடிந்து வந்தது என்பது அவர்கள் கண்ட விளக்கம். அதோடு விடவில்லை. கல்லீரலில் மட்டும் அந்தப் புரதத்தின் மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். சாற்றின் பலன் போய்விட்டது. மூளை நோய்க்கு மருந்து கல்லீரல் வழியே வரலாம் என்று காட்டிய அழகான சோதனை இது. உங்களில் ஒருவராவது ‘மறதியும் கல்லீரலும்’ என்று தலைப்பு வைத்திருந்தால் நான் பத்திரிகையைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

இப்போது அந்த எலியைக் கொஞ்சம் பாருங்கள். சுண்டெலிக்கு இயற்கையில் ஆல்சைமர் வருவதில்லை. மனிதக் குடும்பங்கள் சிலவற்றில் இளம் வயதிலேயே இந்நோயைக் கொண்டுவரும் பழுதுபட்ட மரபணுக்களை இந்த எலிகளுக்குள் புகுத்தியிருக்கிறார்கள். அத்தகைய மரபணுவால் நோய் வருகிறவர்கள் மொத்த ஆல்சைமர் நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்த எலிகளின் மூளையில் அமைலாய்டு திட்டுகள் நிறைய வரும். மனித நோயில் காண்பதுபோல நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை. டௌ புரத முடிச்சுகளும் அப்படி விழுவதில்லை. நோயின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து ஆராய உதவும் எலி அது. உங்கள் வாசகரின் வீட்டில் எழுபத்தெட்டு வயதில் மகளை அம்மா என்று கூப்பிடுகிறாரே, அந்தப் பாட்டிக்கு வந்திருப்பது முழு நோய்.

அளவையும் பாருங்கள். எலியின் அளவை மனிதருக்கு அப்படியே பெருக்கக் கூடாது. சின்ன உடல் மருந்தை வேகமாக எரித்துவிடும். எலிக்குக் கிலோ எடைக்குக் கொடுத்த மில்லிகிராமை 12.3-ஆல் வகுத்துக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல். கிலோவுக்கு 1 கிராம் என்பது மனிதருக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 81 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் 5 கிராமை ஒட்டி வருகிறது. அதுவும் தூய்மைப்படுத்திய சாறு. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற வேர்ப்பொடி இல்லை. அந்தச் சாற்றை எடுக்கப் பலமடங்கு வேர் வேண்டும். கடையில் விற்கும் காப்ஸ்யூலில் சில நூறு மில்லிகிராம் இருக்கும். ஆக, வாசகர் வாங்கிச் சாப்பிடப் போவது எலி சாப்பிட்டதை அல்ல. எலி சாப்பிட்ட அளவைத் தேடிச் சாப்பிடுங்கள் என்றும் சொல்ல முடியாது. அமுக்கரா உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் வீங்கி மஞ்சள்காமாலை வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தைராய்டு, பாலின ஹார்மோன்கள், கர்ப்பம் ஆகியவற்றின் மீதான ஐயங்களை முன்வைத்து டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்தது. தடை சரியா, மிகையா என்பது விவாதத்துக்குரியது. வாசகருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில் விவாதமில்லை.

இனி நான் சொல்ல ஆசைப்படும் கதைக்கு வருகிறேன். செடி, எலி, மூளை மூன்றும் சேர்ந்த கதைகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை. தொடங்குவது நம் நாட்டில்.

சர்ப்பகந்தியின் வேர் பீகாரிலும் வங்கத்திலும் பைத்தியத்துக்கு மருந்து என்றே சந்தையில் விற்றது. 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் அது பயன்படுவதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். எழுதியது இந்தியாவுக்கு வெளியே எட்டவில்லை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், தன் இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துக் கண்டதைப் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்டபின் மேலைநாடு திரும்பிப் பார்த்தது. 1952-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவன வேதியியலாளர்கள் வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தார்கள். இரண்டே ஆண்டில் நியூயார்க் மாநில மனநல மருத்துவமனை ஒன்றில் நேதன் க்ளைன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். உலகத் தேவை பெருகியதில் காட்டுச் செடியைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். 1990 முதல் அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஒரு செடி புகழ்பெற்றால் முதலில் துன்பப்படுவது அந்தச் செடிதான். இதையும் எப்போதாவது எழுதுங்கள்.

ரெசர்பின் செலுத்திய சுண்டெலியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சில மணி நேரத்தில் இமை சரியும். முதுகு கூனும். உடல் சில்லிடும். அதன் முன்னங்கால்களைத் தூக்கி ஒரு கம்பியின் மேல் வைத்தால் வைத்தது வைத்தபடியே நிற்கும், இறங்க முயலாது. உயிர் இருக்கிறது. மயக்கமும் இல்லை, சீண்டினால் அசையும். தானாக எதையும் தொடங்காது, அவ்வளவுதான். ஒரே ஊசியின் விளைவு நாட்கணக்கில் நிற்கும்.

உள்ளே நடப்பது இது. டோபமைன், நாரட்ரினலின், செரோடோனின் போன்ற நரம்புக்கடத்திகளை நரம்பணு மிகச் சிறிய பைகளில் சேமித்து வைக்கிறது. பைக்குள் ஏற்றுவதற்குப் பையின் சுவரில் ஒரு புரதம் உண்டு. ரெசர்பின் அந்தப் புரதத்தை முடக்கிவிடும். களத்தில் நெல் கிடக்கும்போது பத்தாயத்தில் ஏற்றுகிற ஆளை நிறுத்திவிட்டால் கோழிகள் கொத்தித் தீர்த்துவிடுமே, அப்படிப் பைக்கு வெளியே கிடக்கும் கடத்திகளை நொதி சிதைத்துவிடும். பைகள் வெறுமையாகும். முடங்கிய புரதம் எளிதில் மீளாது. அணு புதிதாகச் செய்து அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். நாட்கணக்கு அதனால்தான்.

1950-களின் நடுவில் இவ்வளவு யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் பெதெஸ்டாவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வகம், ரெசர்பின் மூளையிலிருந்து செரோடோனினைக் காலி செய்கிறது என்று 1955-இல் கண்டது. எலி ஓய்ந்து கிடப்பதற்கு அதுவே காரணம் என்று நினைத்தார்கள். அந்த ஆய்வகத்தில் சில மாதம் இருந்துவிட்டு ஸ்வீடனின் லுண்ட் நகருக்குத் திரும்பிய ஆர்விட் கார்ல்சன் வேறு கடத்திகளும் காலியாவதைக் கண்டார். காலியானது செரோடோனின்தான் என்றால் அதன் மூலப்பொருளைக் கொடுத்தால் விலங்கு எழ வேண்டும். முயல்களுக்கும் சுண்டெலிகளுக்கும் கொடுத்தார், எழவில்லை. மற்ற இரண்டின் மூலப்பொருளான டோப்பாவைக் கொடுத்தார். காது தொங்கிக் கிடந்த முயல்கள் சற்று நேரத்தில் எழுந்து நடந்தன. 1957-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது அந்தச் சோதனை.

சரி, நாரட்ரினலின் திரும்பிவிட்டது போலும் என்று மூளையில் அளந்து பார்த்தார்கள். திரும்பவில்லை. திரும்பியது டோபமைன். நாரட்ரினலினைச் செய்யும் வழியில் வந்துபோகும் இடைப்பொருள் என்றுதான் அதுவரை டோபமைனை எண்ணியிருந்தார்கள். அதற்கு மூளையில் தனி வேலை இருக்கிறது, அசைவு அதைச் சார்ந்தது என்பதை இமை சரிந்த அந்த விலங்குகள் காட்டிக்கொடுத்தன. வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்ற ஆய்வாளர், அசைவு குன்றும் நடுக்குவாதமான பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையை எடுத்து அளந்தார். டோபமைன் வெகுவாகக் குறைந்திருந்ததை 1960-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே நோயாளிகளுக்கு டோப்பா ஊசி போட்டுப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது, நிலைக்கவில்லை. வேறு இடங்களில் சிலர் போட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். குமட்டலும் வாந்தியும் படுத்தின. 1967-இல்தான் நியூயார்க்கின் புரூக்ஹேவனில் ஜார்ஜ் கோட்சியாஸ், மிகக் குறைந்த அளவில் வாய்வழியே தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனால் நோயாளி நடப்பார் என்று காட்டினார். 2000-இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. டோப்பாவை முதலில் செடியிலிருந்து பிரித்தவர் பாசலில் இருந்த மார்க்கஸ் குக்கன்ஹைம், 1913-இல், ஒரு வகை அவரையிலிருந்து. தானே இரண்டரை கிராம் விழுங்கி வாந்தியெடுத்தார் என்பது மருந்தியல் வகுப்பில் எப்போது சொன்னாலும் சிரிப்பை வரவழைக்கும் தகவல். 1937-இல் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தவர்கள் சென்னையில் இருந்த தாமோதரனும் ராமசாமியும். எதற்கு உதவும் என்று தெரியாமலே, விதையில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள். எலியைச் சாய்த்தது ஒரு செடியின் சரக்கு. எழுப்பியது இன்னொரு செடியிலும் இருக்கும் சரக்கு. இரண்டும் நம் மருத்துவ மரபு அறிந்த செடிகளே.

1957-இல் உங்கள் மேசையில் இந்தச் செய்தி வந்திருந்தால் என்ன தலைப்பு கொடுத்திருப்பீர்கள்? ‘நடுக்குவாதத்தைக் குணமாக்கும் பூனைக்காலி’ என்றா? விலங்கு எழுந்த நாளுக்கும் மனிதர் ஒழுங்காக நடந்த நாளுக்கும் இடையில் பத்தாண்டு ஓடியது. இத்தனைக்கும் அது வெற்றி பெற்ற கதை. அப்போதும் டோப்பா குணமாக்கவில்லை. அறிகுறியைத் தணிக்கிறது, நோய் தன்பாட்டுக்கு முன்னேறுகிறது.

இதே எலியை வைத்து நடந்த தவறான வாசிப்பும் ஒன்று உண்டு, அது உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. இரத்தக் கொதிப்புக்கு ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் மனச்சோர்வுக்கு ஆளானார்கள் என்று 1950-களில் செய்திகள் வந்தன. எலியோ மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துவைத்தார்கள். ஓய்ந்த எலி மனம் சோர்ந்த எலி ஆயிற்று. கடத்திகள் குறைந்தால் மனச்சோர்வு என்ற கருதுகோளுக்கு அதுவும் ஒரு தூணாயிற்று. மனச்சோர்வு மருந்துகளைச் சலித்தெடுக்க ரெசர்பின் எலியையே பயன்படுத்தினார்கள். மருந்து கொடுத்ததும் இமை திறந்தால் தேர்ச்சி.

ஆனால் 1955-இலேயே லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் என்ற இரு மருத்துவர்கள், கவலையும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரெசர்பினையும் வெற்று மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ரெசர்பின் எடுத்தவர்கள் மோசமாகவில்லை, தேறினார்கள். ‘லான்செட்’ இதழில் வந்த அந்தக் கட்டுரையைப் பல பத்தாண்டு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் பழைய சான்றுகளைத் திரும்பத் துருவியவர்கள், ரெசர்பின் மனச்சோர்வை உண்டாக்குகிறது என்பதற்கு நம்பிக்கை பரவிய அளவுக்குச் சான்று இல்லை என்றே எழுதினார்கள். எலி அசையவில்லை என்பது கண்ணால் கண்டது. அதை வைத்து அசைவைப் பற்றிச் சொன்னதெல்லாம் நின்றது. எலி சோகமாக இருக்கிறது என்பது பார்த்தவர் ஏற்றிச் சொன்னது. அது ஆட்டம் கண்டது.

‘மனச்சோர்வைப் போக்கும் மூலிகை’ என்று நீங்கள் போடும் செய்திகளில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது 1977-இல் போர்சோல்ட் என்பவர் அறிமுகப்படுத்திய நீச்சல் சோதனை. உயரமான கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி எலியை ஆறு நிமிடம் விடுவார்கள். கடைசி நான்கு நிமிடத்தில் எவ்வளவு நேரம் காலை அடிக்காமல் மிதக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். மிதந்தால் நம்பிக்கை இழந்துவிட்டது, மருந்து எடுத்தபின் கூடுதலாக நீந்தினால் நம்பிக்கை பிறந்துவிட்டது. வெளியேற வழியில்லாத குவளையில் சக்தியைச் சேமித்துக்கொண்டு மிதப்பது புத்திசாலித்தனம் என்று சொல்கிறவர்களும் துறையில் உண்டு. நான் அந்தக் கட்சி. காபியில் உள்ள காஃபீன் கொடுத்தாலும் எலி கூடுதலாக நீந்தும். அதற்காகக் காபியை மனச்சோர்வு மருந்து என்று எழுதுவீர்களா? (எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.)

ஞாபகசக்திச் சோதனையிலும் பள்ளங்கள் உண்டு. கலங்கிய நீரில் மறைந்திருக்கும் மேடையை, சுற்றுச்சுவரில் உள்ள அடையாளங்களைப் பார்த்து எலி நினைவில் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வகங்களில் புழங்கும் சில எலி இனங்கள் விழித்திரை சிதையும் மரபணுவோடு பிறக்கின்றன. பால் மறக்கும் வயதுக்குள் பார்வை போய்விடும். அந்த இனத்தைத் தெரியாமல் நீரில் விட்டால் மறதி என்றே கணக்கில் ஏறும். 1999-இல் ஜான் கிராபும் கூட்டாளிகளும் ஒரே எலி இனங்கள், ஒரே கருவிகள், ஒரே நேரம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லண்ட் ஆகிய மூன்று ஊர்களில் நடத்தைச் சோதனைகள் செய்தார்கள். சிலவற்றில் ஊருக்கு ஊர் விடை மாறியது. 2014-இல் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் வேடிக்கை. ஆண் ஆய்வாளரின் வாடை பட்டாலே எலிகள் பதற்றமடைந்து வலியைக் குறைவாகக் காட்டுகின்றனவாம். எலியின் நடத்தை என்று நாம் எழுதுவதில் கூண்டு, வெளிச்சம், தூக்குகிறவரின் கை எல்லாம் கலந்திருக்கின்றன. ஒரே ஆய்வகம், ஒரே இனம், ஒரு கூண்டுக் கூட்டம் என்றால் ‘உறுதி’ என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 2001-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆல்சைமர் மாதிரி எலிகளின் தீவனத்தில் மஞ்சளில் உள்ள குர்குமினைக் கலந்து கொடுத்தார்கள். பத்து லட்சத்தில் 160 பங்கு கலந்தபோது மூளையின் அமைலாய்டு குறைந்தது. 5,000 பங்கு கலந்தபோது குறையவில்லை. கூடுதலாகத் தின்றால் கூடுதல் நன்மை என்ற எண்ணத்துக்கு எலி கொடுத்த பதில் இது. எந்தப் பக்கத்திலும் நான் படித்ததில்லை. அதே நகரத்தில் ஆல்சைமர் நோயாளிகள் 36 பேரை வைத்து 24 வாரம் நடந்த சோதனையின் முடிவு 2012-இல் வந்தது. குர்குமின் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. விழுங்கியதில் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேர்ந்திருந்தது. குழம்பில் மஞ்சள் போடுவதை இதற்காக யாரும் நிறுத்த வேண்டாம்.

இடம் இல்லை என்பீர்கள். எனக்குத் தெரியும், தலைப்புக்கு இரண்டு பத்தி அகலம், அதில் எட்டுச் சொல். ‘மறதி குறைந்தது: எலிகளிடம் அமுக்கரா சோதனை’ என்றால் ஐந்து சொல். ஆய்வாளர்களே தங்கள் கட்டுரைத் தலைப்பில் எலியை விட்டுவிடுகிறார்கள் என்றும் சொல்வீர்கள். அது உண்மை. ‘பிளாஸ் பயாலஜி’ இதழில் 2021-இல் வந்த ஓர் ஆய்வு, எலிகளை வைத்துச் செய்த 623 ஆல்சைமர் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. ஆய்வுக்கட்டுரை தன் தலைப்பில் எலியைச் சொல்லாமல் விட்டால் செய்தித் தலைப்பும் சொல்லாமல் விடுகிறது. அப்படி விட்ட கட்டுரைகளுக்குச் செய்தியில் இடம் கூடுதலாகவும் கிடைத்திருந்தது. ஆக, தொடக்கம் உங்கள் மேசையில் இல்லை. ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற ஆய்வாளர் 2019-இல் ட்விட்டரில் ஒரு கணக்கு தொடங்கி, இத்தகைய செய்திகளை எடுத்துப் போட்டு மேலே ‘எலிகளில்’ என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். உலகமே சிரித்தது. தமிழில் அந்த வேலையை யாராவது வெளியிலிருந்து செய்வதற்கு முன் நீங்களே செய்துகொள்வது கௌரவம்.

ஒன்றை மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். மறதி நோய் வந்த மாமியாரைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் கதவைப் பூட்டிவிட்டு அரைத் தூக்கம் தூங்கும் மருமகள்கள். கை நடுங்கும் அப்பாவுக்கு மாத்திரை நேரம் பார்க்கும் மகன்கள். அவர்களுக்கு ‘உறுதி’ என்ற சொல் செய்தியாகப் போய்ச் சேர்வதில்லை. மருந்துச் சீட்டாகப் போய்ச் சேர்கிறது. செய்தியின் கீழேயே அதே சூரணத்துக்கு விளம்பரமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பார்க்கின்சனுக்கு மருத்துவர் எழுதிய லெவோடோப்பா (அதே டோப்பாதான்) மாத்திரையோடு, பத்திரிகையில் படித்துவிட்டுப் பூனைக்காலிப் பொடியையும் சேர்த்துக் கொடுத்தால் அது ஒரே மருந்தை இரண்டு தடவை கொடுப்பது. உடம்பு தன்னிச்சையாக முறுக்கி ஆடலாம், எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் விழலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம். ‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லை’ என்ற வரியை எழுதுகிறவர், சர்ப்பகந்தி ஏறிய எலியை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் எழுதமாட்டார். அந்த வேரைப்போல் இயற்கையானது எது? பூனைக்காலிச் செய்தி போடும்போது இந்த எச்சரிக்கையைப் பெட்டிச் செய்தியாக, தடித்த எழுத்தில் போட்டால் போதும். நான்கு வரி.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. எலிச் செய்தியைப் போட்டுவிட்டு அதை மறந்துவிடாதீர்கள். மேசையில் ஒரு நோட்டு வைத்து, எந்தச் செடி, எந்த ஆய்வகம், எந்த ஆண்டு என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு ஆண்டு கழித்து அது மனிதர்களிடம் என்ன ஆயிற்று என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அதுவும் செய்திதான். ஜின்கோ இலைச்சாறு ஞாபகத்தைக் காக்கும் என்று உலகம் முழுவதும் எழுதினார்கள். பிறகு அமெரிக்காவில் 3,069 முதியவர்களுக்கு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 120 மில்லிகிராம் வீதம் சாறோ வெற்று மாத்திரையோ கொடுத்து, ஏறத்தாழ ஆறாண்டு பின்தொடர்ந்தார்கள். மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை என்று 2008-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முடிவு வந்தது. ஜின்கோ மாத்திரை இன்றும் விற்கிறது. அந்த முடிவைத் தமிழில் விரிவாகப் போட்ட ஒரு பக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பழைய செய்திதான், ஆனாலும் போடலாம். உங்கள் வாசகர்களில் பெரும்பாலோருக்கு அது புதிதாகவே இருக்கும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற மருந்தியல் ஆசிரியன்